பலாவும் வாகையும்: இரண்டு மரத்தில் ஒரு டீபாய்

மரவேலை பழக ஆரம்பித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். ஒரே நிறத்தில் ஸ்டூலும் ஷெல்ஃபும் செய்து சலித்துப்போயிருக்கும். வெளுத்த மரத்துக்கு நடுவில் கருத்த மரம் ஓடுகிற மாதிரி ஒன்று செய்து பார்த்தால் என்ன என்று தோன்றும்.

எனக்கும் தோன்றியது. மஞ்சள் பலாப்பலகையைச் சுற்றி, போட்டோவுக்குச் சட்டம் போடுவதுபோல ஈட்டி மரத்தில் கரை வைத்தேன். நான்கு மூலையிலும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்து, பெவிகால் தடவி இறுக்கினேன். சித்திரையில் முடித்த வேலை. பார்த்தவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். ஐப்பசியில் மழை பிடித்து இரண்டு வாரம் இருக்கும், ராத்திரி கூடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பூனை எதையோ தட்டிவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் டீபாயின் ஒரு மூலை வாய் பிளந்திருந்தது. இடைவெளியில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினேன், நின்றது.

தெருக்கோடியில் இருக்கும் ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மழைக்காலத்துல உங்க வீட்டு வாசக்கதவு பிடிக்குமா பிடிக்காதா, தம்பி?" என்றார். பிடிக்கும் என்றேன். "அதே மரந்தானே இதுவும்?"

இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்கான பதில்தான். நிறம் பார்த்து இரண்டு மரத்தைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிஷம் போதும். மிச்ச வேலையெல்லாம் அந்த இரண்டும் மழையிலும் வெயிலிலும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்வதுதான். நீங்கள் செய்யப்போவது 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் ஒரு டீபாய். சோபாவுக்கு முன்னால் போட சரியான அளவு. உளி பிடிக்கவும் நேராக ரம்பம் போடவும் ஓரளவு தெரிந்தால் போதும்.

எந்த இரண்டு மரம்?

தேக்கும் ஈட்டியும் சேர்ந்தால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழகுகிற கைக்கு இரண்டுமே விலை கூடுதல். ஈட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் வந்தது. பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்றது அது. 2017-லிருந்து ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. யாராவது பில் இல்லாமல் மலிவாக ஈட்டித் துண்டு தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

கருங்காலி பற்றியும் கேட்பீர்கள். மாலை போடுகிற மோகம் வந்தபிறகு, கருப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி என்று ஆகிவிட்டது. கடைக்காரர் முன்னாலேயே ஒரு முனையை உளியால் லேசாகச் சீவிப் பாருங்கள். மேலே கருப்பு, உள்ளே வெளுப்பு என்றால் அது சாயம்.

நான் சொல்வது பலாவும் வாகையும். இரண்டும் ஊர்ப்பக்கம் கிடைக்கிற மரம், கையில் தூக்கிப் பார்த்தால் எடையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எடையில் ரொம்ப வித்தியாசம் உள்ள இரண்டு மரத்தைச் சேர்த்தால் இழைக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் மிருதுவான மரம் குழிந்துகொண்டே போகும், கடினமானது மேடாக நிற்கும். முதல் வேலைக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

வாகை கரும்பழுப்பு. மர வியாபாரத்தில் அதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்றே ஒரு பெயர் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தையும் வாகை என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது கொஞ்சம் லேசானது. ஏமாற்றம் ஒன்றும் இல்லை, டீபாய்க்கு அதுவும் ஆகும். ஆனால் காலுக்கு அசல் வாகையாக இருந்தால் நல்லது.

பலாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வீணைக் குடம், மிருதங்கக் கட்டை எல்லாம் பலாதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் தாய்க்கொட்டாரத்தில் செதுக்கிய பலாத் தூணைத் தொட்டுப் பார்க்காமல் வராதீர்கள் (காவலர் பார்க்காதபோது). இதன் வைரக்கட்டையை நறுக்கிக் கொதிக்கவைத்துத்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குக் காலங்காலமாக மஞ்சள் சாயம் ஏற்றினார்கள். அறுத்த அன்றைக்குப் பலாப்பலகை பலாச்சுளை நிறத்தில் இருக்கும். அங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அந்த மஞ்சள் நிற்காது. வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்பழுப்பாகி, வருஷங்கள் போகப் போகச் சிவந்த பழுப்பாகிவிடும். பழைய வீணையின் நிறத்தை நினைத்துப் பாருங்கள்.

அதனால் கட்டை வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு மரத்திலும் ஒரு சாண் துண்டு எடுத்து இழைத்து, பாதியைச் செய்தித்தாளால் சுற்றிக் கட்டி, மொட்டைமாடியில் பத்து நாள் வெயிலில் போடுங்கள். பிரித்துப் பார்த்தால் மூடிய பாதி மஞ்சள், திறந்த பாதி வேறு மரம் மாதிரி இருக்கும். உங்கள் டீபாய் நாளைக்கு இருக்கப்போகிற நிறம் அந்தத் திறந்த பாதியுடையது. அதற்குப் பக்கத்தில் வாகையை வைத்துப் பார்த்து, 'இந்த வித்தியாசம் போதும்' என்று மனசுக்குப் பட்டால் மேலே போகலாம். எனக்குப் போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால் பலாவுக்குப் பதிலாக வெளுத்த மாமரமோ மஞ்சக்கடம்போ எடுங்கள்.

இலங்கையில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பலாமரம் வெட்டுவதற்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், எனவே மர டிப்போவில் ரசீதோடு வாங்குங்கள். உங்களிடம் முதிரையும் கருங்காலியும் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் காலி நகரத்துப் பக்கத்துத் தச்சர்கள் பலவகை உள்நாட்டு மரங்களை ஒரே மேஜைப் பலகையில் பதித்துச் செய்த சாமான்களை இன்றைக்கும் ஏலத்தில் எடுக்க ஆள் இருக்கிறது.

மரக்கடையில்

மரம் கன அடிக் கணக்கில் விற்பார்கள். கணக்கு சுலபம். நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 4 அடி நீளம், 6 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம் என்றால் 30-ஐ 144-ஆல் வகுத்து 0.21 கன அடி. இந்த டீபாய்க்குப் பலா அரைக் கன அடியும் வாகை அதைவிடக் கொஞ்சம் கூடவும் கணக்கு வரும். சேதாரம் சேர்த்து இரண்டிலும் முக்கால் கன அடி வாங்குங்கள். இவ்வளவு கொஞ்சமாக அறுத்துத் தரக் கடைக்காரர் முகம் சுளிப்பார். மிச்சத்துண்டு அடுக்கியிருக்கும் மூலையைக் கேளுங்கள், டீபாய்க்காரனின் சொர்க்கம் அங்கேதான்.

பலகையைப் புரட்டிப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் வெளுத்துத் தெரிவது வெள்ளை, நடுவில் நிறமாக இருப்பது வைரம். வாகையில் அந்த வெள்ளை பார்க்க அழகாக இருக்கும், கருப்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கரை! விட்டுவைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். வெள்ளைதான் முதலில் உளுத்துப்போகும். ஆறு மாதத்தில் டீபாய்க்கு அடியில் மாவு கொட்டியதுபோலத் தூள் விழுந்திருந்தால் அதற்குக் காரணம் அந்த அழகான கரைதான்.

பலகையின் தலைப்பக்கம், அதாவது குறுக்கே அறுத்த முகத்தையும் பாருங்கள். வளையங்கள் வில் போல வளைந்து தெரிந்தால் அந்தப் பலகை அகலவாக்கில் அதிகம் பெருக்கும், சுருங்கும். ஓடு மாதிரி குழியவும் பார்க்கும். வளையங்கள் கம்பிபோல நட்டுக்குத்தலாக நின்றால் அசைவு ஏறக்குறையப் பாதிதான். அப்படிப்பட்ட பலகை கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய மரம் வாங்கலாமா? தாராளமாக. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இடித்த வீடுகளின் உத்தரம், நிலை, தூண் எல்லாம் கிடைக்கும். பல தலைமுறை காய்ந்த மரம், இனிமேல் புதிதாகக் கோணுவது குறைவு. ஒரு காந்தத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். உள்ளே புதைந்த ஆணி ஒன்று போதும், இழைப்புளித் தகட்டின் வாயை உடைக்க.

காய்ச்சல்

மரம் காய்வதைத்தான் சொல்கிறேன். புதிதாக அறுத்த ஒரு அங்குலப் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்பது தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. கடைக்காரர் 'நல்லாக் காஞ்சது சார்' என்றுதான் சொல்வார், பாவம் அவருக்கும் வேறு வழியில்லை. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 10 முதல் 12 சதவீதம் காட்டினால் வேலையில் இறங்கலாம். 18 காட்டுகிற பலாவையும் 11 காட்டுகிற வாகையையும் சேர்த்து ஒட்டினால், பலா பின்னால் காய்ந்து சுருங்கும்போது ஒட்டு எப்படிப் பிடிக்கும்? இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், அதுதான் முக்கியம்.

கடையில் இருந்து வந்த பலகைகளை டீபாய் இருக்கப்போகிற அதே அறையில், தரையில் படாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே கனத்தில் ரீப்பர் துண்டு கொடுத்து அடுக்கி மூன்று வாரம் விடுங்கள். தலைப்பக்கங்களில் பழைய பெயின்ட் ஏதாவது பூசிவிட்டால் அங்கே வெடிப்பு விழாது. வீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள்தான்.

எவ்வளவு அசையும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மரங்களிலேயே சாது என்று பெயர் வாங்கியது தேக்கு. பச்சையாக இருந்து முற்றும் காயும்வரை, வில்வளையப் பலகையாக அறுத்த தேக்கு அகலத்தில் 5.3 சதவீதம் சுருங்கும். ஈரம் 30-லிருந்து பூஜ்யத்துக்கு வருவதற்கு அவ்வளவு என்றால், ஈரம் ஒரு சதவீதம் மாறினால் 0.18 சதவீதம். மதுரைப் பக்கம் சித்திரைக்கும் கார்த்திகைக்கும் பலகையின் ஈரம் நான்கு சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 அங்குலப் பலகை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அகலும். தச்சர் பேச்சில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம்.

என்னுடைய முதல் டீபாய் ஏன் பிளந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நடுப்பலகை அகலத்தில் ஒரு நூல் பெருத்தது. குறுக்கே வைத்த ஈட்டிக் கரையோ நீளவாக்கில் அசையவே அசையாது. இரண்டில் ஒன்று உடைந்தாக வேண்டும். ஆகவே விதி ஒன்றே ஒன்று: ஒட்டிச் சேர்க்கும் எல்லாப் பட்டையிலும் நார் ஒரே திசையில் ஓட வேண்டும். சுற்றிக் கரை வைக்காதீர்கள், பட்டை பட்டையாக வையுங்கள்.

அளவுகள்

மேல்பலகைக்கு 5 அங்குல அகலத்தில் பலா மூன்று, ஒன்றரை அங்குலத்தில் வாகை இரண்டு. பலா, வாகை, பலா, வாகை, பலா என்று வைத்தால் மொத்தம் 18 அங்குலம். இழைத்து முடித்தபின் கனம் 1 அங்குலம் நிற்க வேண்டும், அதனால் ஒன்றேகாலில் அறுத்து வாங்குங்கள். நீளத்தில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கூடவே வையுங்கள், ஒட்டியபிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டு நிறத்தையும் சரிபாதியாக வைக்க ஆசைப்படாதீர்கள். பார்க்கக் கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஆகிவிடும். ஒன்று தரை, இன்னொன்று கோடு. கோடு மெலிதாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் வாகை. கால்கள் நான்கு, 2 அங்குலச் சதுரம், 15 அங்குல உயரம். கால்களை இணைக்கும் சட்டங்கள் 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம்: நீளச்சட்டம் இரண்டு, இருபத்தொன்பதரை அங்குலம்; குறுஞ்சட்டம் இரண்டு, பதினொன்றரை அங்குலம். இதில் இரண்டு முனையிலும் முக்கால் முக்கால் அங்குலம் கழுந்துக்கு, அதாவது காலின் துளைக்குள் நுழையும் முனைக்குப் போய்விடும்.

இழைப்பது

இழைப்பு மெஷின் வைத்திருக்கும் பட்டறை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். முகங்களை அங்கே கொடுத்து மட்டமாக்கி வாங்கிக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். ஒட்டுகிற விளிம்பை மட்டும் கையால் இழையுங்கள், அதுவும் ஒட்டுகிற அன்றைக்கு.

பலாவுக்கும் வாகைக்கும் பொதுவாக ஒரு கெட்ட குணம் உண்டு. நார் ஒரு அடுக்கில் இந்தப் பக்கம் சாயும், அடுத்த அடுக்கில் அந்தப் பக்கம். நீங்கள் எந்தத் திசையில் இழைத்தாலும் எங்கேயோ பிய்த்துக்கொண்டு வரும். வழி இதுதான்: தகட்டை முகச்சவரம் பண்ணும் அளவுக்குத் தீட்டி, மயிரிழைக்கு மட்டும் வெளியே விட்டு இழையுங்கள். அதற்கும் பிய்ந்தால் மெல்லிய எஃகுத் தகட்டை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள்.

வாகையை இழைக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் கட்டாயம். வாகைத்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. நான் முதல்நாள் கவசம் இல்லாமல் இரண்டு கால் இழைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை.

விளிம்பு நேராக்க ஒரு பழைய உத்தி. பக்கத்துப் பக்கத்தில் வரப்போகிற பலாவையும் வாகையையும் புத்தகம் மூடியதுபோல முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டையில் இறுக்கி, இரண்டு விளிம்பையும் ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். உங்கள் இழைப்புளி கொஞ்சம் சாய்ந்தே போயிருந்தாலும் கவலையில்லை. பிரித்து விரித்தால் ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். அப்புறம் ஒன்றின்மேல் ஒன்றை நிறுத்தி ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் எங்கே ஒழுகுகிறதோ அங்கே இல்லை, அதற்கு இரண்டு பக்கமும் மேடு. மேட்டை எடுங்கள். நடுவில் ஒரு தாள் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, கிளாம்ப் இறுக்கினால் மூடிக்கொள்ளும். முனைகளில் தெரிந்தால் திரும்ப இழைக்க வேண்டியதுதான்.

ஒட்டுவது

பெவிகால் திறப்பதற்கு முன் ஒருமுறை ஒட்டாமலே எல்லாவற்றையும் அடுக்கிக் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். எந்தக் கிளாம்ப் எங்கே, எந்தக் கட்டை எங்கே, கை துடைக்கும் துணி எங்கே என்று எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பசை தடவியபிறகு ஸ்பானரைத் தேடுகிற கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது. பலகைகள் சரியாக அமர்ந்ததும் மேலே பென்சிலால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்துவிடுங்கள், ஐந்து பட்டையிலும் கோடு படும்படி. கலைத்து மறுபடி அடுக்கும்போது முக்கோணம் சேர்ந்தால் வரிசை சரி. வில்வளையப் பலகைகளாக இருந்தால் ஒன்றில் வில் மேல்நோக்கி, அடுத்ததில் கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

சாஷ் கிளாம்ப், அதாவது பலகைகளை இரண்டு பக்கமும் பிடித்து இறுக்கும் நீள இரும்புப் பிடி, ஐந்து வேண்டும். அடியில் மூன்று, மேலே இரண்டு. எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் பலகை வளைந்து எழும்பும். கிளாம்பின் இரும்பு ஈரப் பசையோடு மரத்தைத் தொட்டால் கருப்புக் கறை விழும், பலாவில் அது போகவே போகாது. நடுவில் செய்தித்தாள் கொடுங்கள்.

ஒரு விளிம்பில் தாராளமாகப் பசை தடவி, மற்றதை அதன்மேல் தேய்த்துச் சேர்த்து இறுக்குங்கள். நடுக்கிளாம்பில் ஆரம்பித்து வெளியே போங்கள். ஒட்டு நெடுக, வியர்வை துளிர்ப்பதுபோலச் சின்னச் சின்ன முத்தாகப் பசை வெளிவந்தால் போதும். ஆறாக ஓடினால் அதிகம் தடவிவிட்டீர்கள், முத்தே வரவில்லை என்றால் போதவில்லை, பிரியுங்கள். இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். கிளாம்பை முறுக்கி முறுக்கித்தான் கோணல் விளிம்பைச் சேர்க்க முடிகிறது என்றால் விளிம்புதான் தப்பு.

இப்போது எல்லோரும் செய்வது, ஈரத்துணியால் வழிந்த பசையைத் துடைப்பது. செய்யாதீர்கள். பசை கரைந்து மரத்தின் துவாரத்துக்குள் இறங்கிவிடும். அப்போது தெரியாது. பாலிஷ் போட்டபிறகு அந்த இடம் மட்டும் தேமல் மாதிரி வெளுத்து நிற்கும், வாகையில் இன்னும் மோசமாக. முக்கால் மணி நேரம் விடுங்கள். முத்துகள் ரப்பர் மாதிரி ஆனதும் மொண்ணை உளியால் சுரண்டினால் நூல் நூலாக வந்துவிடும்.

கிளாம்பை ஒரு ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் அவிழுங்கள். பலாவுக்குப் பதில் தேக்கு எடுத்திருந்தால் ஒரு வேலை கூடுதல்: தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் விளிம்பைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும்.

காலும் சட்டமும்

இது எல்லா மேஜைக்கும் பொதுவான வேலை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுந்தின் கனம் சட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மூன்று நூல். நீளம் முக்கால் அங்குலம். காலில் துளை அதைவிட ஒரு மயிரிழை ஆழமாக இருக்கட்டும், மிஞ்சிய பசை போய் உட்கார இடம் வேண்டும். இரண்டு அங்குலக் காலின் நடுவில் மூன்று நூல் துளை எடுத்தால், இரண்டு பக்கத்துக் கழுந்தும் உள்ளே முட்டிக்கொள்ளாது. அதற்காகத்தான் முக்கால் அங்குலத்தோடு நிறுத்தியது. துளையை முதலில் எடுங்கள், கழுந்தை அதற்குத் தக்கபடி சீவுங்கள். கையால் அழுத்தினால் முக்கால்வாசி இறங்க வேண்டும், மிச்சத்துக்குக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) நாலு தட்டு. பளார் பளார் என்று அடித்துத்தான் இறங்குகிறது என்றால் கால் வெடிக்கும்.

முதலில் இரண்டு குறுஞ்சட்டப் பக்கத்தையும் ஒட்டிக் காயவிட்டு, பிறகு நீளச்சட்டத்தைச் சேருங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டகத்தின் மூலைகள் நேர்கோணம். மூலையில் வைத்துப் பார்க்கும் மூலமட்டத்தைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

மேல்பலகையைப் பூட்டுவது

பல பட்டறைகளில் மேலிருந்து ஆணி அடித்து மக்கு வைத்து மூடிவிடுவார்கள். இல்லாவிட்டால் சட்டத்தில் பெவிகால் தடவி ஒட்டிவிடுவார்கள். இரண்டுமே மழைக்காலத்தில் என் பழைய கதையில்தான் போய் முடியும். பலகை அசையட்டும், சட்டத்தை விட்டு எழும்பாமல் இருந்தால் போதும்.

வாகை மிச்சத்துண்டில் விரல் நீளத்துக்கு எட்டுக் கட்டைகள் செய்யுங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் மூன்று நூல் கனத்துக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சட்டத்தின் உள்பக்கம், மேல்விளிம்பில் இருந்து அரை அங்குலம் கீழே அந்த நாக்கு போகிற மாதிரி காடி எடுங்கள். கட்டையின் நாக்கைக் காடியில் செருகி, உடம்பை மேல்பலகையின் அடியில் ஒரே ஒரு திருகாணியால் முடுக்குங்கள். திருகாணி ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மேலே எட்டிப் பார்த்துவிடும். நீளச்சட்டத்தில் வரும் கட்டைகளுக்கு நாக்கின் முனைக்கும் காடியின் ஆழத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். குறுஞ்சட்டத்தில் காடியை அகலமாக எடுத்தால் கட்டை பக்கவாட்டில் நகர இடம் இருக்கும். குறுஞ்சட்டத்தின் நட்டநடுவில் வரும் கட்டையை மட்டும் இறுக்கமாக வைக்கலாம். அப்போது பலகை இரண்டு பக்கமும் சமமாகப் பெருக்கும்.

பாலிஷ்

இரண்டு நிற வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி வாரத்தில்தான்.

உப்புத்தாள் 120, 180, 220 என்று போங்கள். தாளைக் கையில் வைத்துத் தேய்க்காமல் தட்டையான கட்டையில் சுற்றித் தேயுங்கள். நாரோடு போங்கள், குறுக்கே போனால் வாகையின் கருந்தூள் பலாவின் துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டு மஞ்சள் அழுக்காகிவிடும். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் தூளைத் துணியால் துடைக்காதீர்கள், ஊதியோ வேக்குவம் வைத்தோ எடுங்கள். 220 முடிந்ததும் பலாப்பட்டைகளை மட்டும் எஃகுத் தகட்டால் ஒரு ஓட்டம் சுரண்டினால் மஞ்சள் பளிச்சென்று திரும்பி வரும். இந்த ஒரு நிமிஷம் பார்க்கத்தான் இவ்வளவு பாடும் என்று எனக்குத் தோன்றும்.

பாலிஷ்காரர் வந்தால் 'வால்நட் ஸ்டெயின் கொடுத்துரலாம் சார், ரிச்சா இருக்கும்' என்பார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஸ்டெயின் பூசினால் இரண்டு மரமும் ஒரே நிறமாகிவிடும், அதற்கு ஒரே மரத்தில் செய்திருக்கலாமே.

அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் போடும் பிரெஞ்சு பாலிஷ் என் மனசுக்குப் பிடித்தது. லிட்டருக்கு 150 கிராம் கணக்கு. மரத்தின் ரேகை உள்ளிருந்து எழும்பி வரும். ஆனால் டீபாயில் சூடான காபி டம்ளர் வைப்பார்கள், தண்ணீர் சிந்தும்; அரக்கு இரண்டையும் தாங்காது, வெள்ளை வளையம் விழும். ஆகவே கால்களுக்கும் சட்டத்துக்கும் அரக்கு, மேல்பலகைக்கு நிறமில்லாத, பளபளப்பு இல்லாத மேட் பி.யு. (பாலியூரித்தேன்) மூன்று கோட், இதுதான் நான் செய்வது. மேல்பலகையில் அரக்கு பூசி அதன்மேல் பி.யு. போடாதீர்கள். சாதாரண அரக்கில் மெழுகு இருக்கும், பி.யு. உரிந்து வரலாம்.

நீங்கள் வாகைக்குப் பதில் ஈட்டியோ அந்தமான் படாக்கோ வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிட் பட்டதும் அவற்றின் சாயம் கசிந்து பக்கத்து வெளுத்த மரத்தில் பரவும். முதல் கோட்டைத் துணியால் இழுக்காமல் ஸ்ப்ரே பண்ணுங்கள், அல்லது ஒவ்வொரு பட்டைக்கும் தனித்துணி வைத்து நீளவாக்கில் மட்டும் துடையுங்கள். வாகையில் எனக்கு இந்தத் தொல்லை வரவில்லை, இருந்தாலும் மிச்சத்துண்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மேல்முகத்துக்கு எத்தனை கோட் போடுகிறீர்களோ அடிமுகத்துக்கும் அத்தனை கோட். யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால், ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கிப் பலகை குழிந்துவிடும்.

பாலிஷ் காய்ந்தபின் டீபாயைக் கவிழ்த்து, நீளச்சட்டம் மேல்பலகையைத் தொடும் இடத்தில், சட்டத்தின் ஓரமாகவே பலகையில் ஒரு மெல்லிய பென்சில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு பக்கமும். கார்த்திகையில் திரும்பக் கவிழ்த்துப் பார்த்தால் கோடு சட்டத்தை விட்டு நகர்ந்திருக்கும். என்னுடைய இரண்டாவது டீபாயில் ஒரு பக்கம் அரை நூல், இன்னொரு பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பங்குனியில் பார்த்தபோது கோடு பழைய இடத்துக்கே வந்திருந்தது. திருகாணி ஏதாவது தளர்ந்திருந்தால் அப்போது ஒரு சுற்று முடுக்கிவிடுங்கள்.